கூடைப் பட்டிக்கு நான் போட்ட ஆட்சேபம்

ஹாலிஎல,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புமிகு மச்சான் கணபதி அவர்களுக்கு,

பூனாகலையில் நீங்களும் தங்கச்சியும் சுகமாயிருக்க முருகனை வேண்டி எழுதுவது. இங்கே உங்கள் அக்கா பாக்கியலெட்சுமி நலம், உங்கள் மகள் விதுஷா நலம். இருவரும் என்னோடு பேசாததால் நான் மட்டும் சுமார்.

எங்கள் வீட்டில் தங்கிப் பதுளைக்கு வேலைக்குப் போகும் விதுஷா, தேயிலைக் கொழுந்துக் கூடையின் பாரம் தலையில் தொங்காமல் இடுப்பில் இறங்கும்படி ஒரு பட்டி செய்து, ஆக்கவுரிமைக்கு, அதாவது பேட்டன்டுக்கு, விண்ணப்பித்திருப்பது உங்களுக்குத் தெரியும். ஊரே மெச்சியது, எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் பிறக்கும் முன்பே பழைய லொறிப் பட்டியை வெட்டி உங்கள் அக்காவின் கூடையில் கட்டியவன் நான் அல்லவா! அது அன்றைக்கே அறுந்து, கொழுந்தெல்லாம் தண்ணி ஓடுற கானில் போய், கங்காணி என்னைத் தேடி லயத்து வீட்டுக்கே வந்ததை வசதியாக மறந்துவிட்டு, "இது என் கண்டுபிடிப்பு" என்று ஆக்கவுரிமை அலுவலகத்துக்கு ரகசியமாக ஓர் ஆட்சேபம் எழுதிப் போட்டேன். ஆதாரமாக எங்கள் கல்யாணப் போட்டோவை வைத்தேன். வேறு என்ன இருக்கு என்கிட்ட?

பதில் வந்தது. ரொம்ப மரியாதையான பதில், அதுதான் வலிக்குது. விண்ணப்ப இலக்கம் இல்லை, ஆதாரம் இல்லை, விண்ணப்பதாரருக்குப் பிரதி கொடுத்த அத்தாட்சியும் இல்லை. ஆகவே கோப்பில் சேர்க்காமல் திருப்பி அனுப்புகிறோம் என்று எழுதி, போட்டோவையும் கசங்காமல் வைத்திருந்தார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். குறையைச் சரிசெய்கிற மும்முரத்தில், அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த விதுஷாவிடமே பிரதியை நீட்டி, "வாங்கினேன்னு ஒரு கையெழுத்துப் போடும்மா" என்றேன்.

அவள் அதை உங்கள் அக்காவுக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"ஏங்க, அறுந்துபோன பட்டிக்கா உரிமை கேக்குறீங்க? எனக்கு இன்னும் கழுத்து வலி போகல!" என்றாள் உங்கள் அக்கா.

விதுஷா கத்தவில்லை. "அத்தை கழுத்தப் பாத்துத்தான் மாமா இத செஞ்சேன். நீங்கதான் மொதல்ல சந்தோசப்படுவீங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தாள். அதப் பாத்த பெறகு எனக்குச் சோறு எறங்கல மச்சான். ஆட்சேபத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுட்டேன். இனி எவர் விண்ணப்பத்துக்கும் ஆட்சேபம் எழுத மாட்டேன், இது கதிர்காமக் கந்தன் மேல் சத்தியம். நீங்க ஒருதரம் வந்து பிள்ளையைச் சமாதானம் பண்ணுங்க.

தங்கச்சிக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், என்னைப் போன்ற உறவினர் தொல்லையும் இல்லாமல் வாழ்க.

இப்படிக்கு,
புத்தி வந்துவிட்ட
மருதை

பி.கு.: வர வேண்டாம். சத்தியமும் வாபஸ். இதை ஒட்டுவதற்குள் விதுஷாவே வந்து பேசினாள். யாரோ ஒரு கம்பெனிக்காரன் அவளுடைய பட்டியைத் தன்னுடையதென்று விண்ணப்பித்திருக்கிறானாம். "எப்பிடியெல்லாம் எழுதினா திருப்பி அனுப்புவாங்கன்னு ஒங்களவிட யாருக்கு மாமா தெரியும்? அந்தத் தப்பெல்லாம் இல்லாம அவனுக்கு எதிரா ஒன்னு எழுதுங்க" என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் அக்கா பக்கத்தில் நின்று வரிவரியாகப் பார்க்கிறாள். தபாலில் போடுவது மட்டும் விதுஷாதானாம். என்னை நம்பி விடமாட்டார்களாம்.