சர்க்கரை இல்லாத தேநீர்

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் ஒன்பது பேருக்குச் சர்க்கரை நோய். இந்தச் சேதி எட்டியதும் மேலிடம் மிகுந்த மனவேதனை அடைந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: ‘ஊழியர் நலன் கருதி அலுவலக வளாகத்தினுள் மாவுச்சத்தும் சர்க்கரையும் தடை செய்யப்படுகின்றன. மாதக் கடைசியில் இரத்தச் சர்க்கரை அளக்கப்படும். மிகக் குறைந்த அளவு காட்டும் பிரிவுக்கு ஏசி வழங்கப்படும்.’

பிறப்புப் பிரிவு எழுத்தருக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. வயிற்றில் குழந்தை இருந்தபோது வந்த சர்க்கரை, குழந்தை தொட்டிலுக்குப் போன பிறகும் போகவில்லை. தினம் காலையில் இன்சுலின் ஊசி. சுற்றறிக்கைக்குப் பணிந்து, வீட்டிலும் சோற்றை விட்டு, முட்டையும் வெள்ளரிக்காயுமாகக் காலம் தள்ளினாள். அளவு நன்றாகவே இறங்கியது. சொன்னதும் டாக்டரம்மா போனில் கத்தினார்.

"மாவுச்சத்தைக் குறைச்சா ஊசி மருந்தையும் குறைக்கணும்மா! நாளைக்கே வாங்க. அதுவரைக்கும் கையில சர்க்கரை வெச்சுக்கோங்க."

"நாளைக்கு அளக்கிற நாள். விடுப்பு கிடையாது," என்றார் தலைமை அதிகாரி. மறுநாள் காலை அவள் பையிலிருந்த நாலு சர்க்கரைக் கட்டிகளை வாசல் காவலாளி பறிமுதல் செய்து, முறைப்படி ரசீதும் கொடுத்தார்.

பதினோரு மணிக்கு அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. விரல் நடுங்கியது. மீட்டர் ஐம்பத்திரண்டு காட்டியது.

பிரிவே எழுந்து கைதட்டியது. "இறப்புப் பிரிவுல எழுபத்தஞ்சு வரைக்கும்தான் இறங்குச்சு! ஏசி நமக்குத்தான்!"

"அண்ணே, கொஞ்சம் சர்க்கரை..."

"இரும்மா, அதிகாரி வந்து கையெழுத்துப் போடட்டும்," என்றார் மூத்த எழுத்தர். "அப்படியே ஏதாவது ஆனாலும் பக்கத்து மேசைதான் இறப்புப் பதிவு. அலைய வேண்டியதில்லை."

அதிகாரி வந்தார், தமது சர்க்கரை இல்லாத தேநீரோடு. "மகத்தான சாதனை! அடுத்த மாத இலக்கு நாற்பது!"

அவளுக்கு அவர் இரண்டு பேராகத் தெரிந்தார். நாத்தனார் இடுப்பில் விரலைச் சப்பிக்கொண்டிருக்கும் பிள்ளை கண்முன் வந்து போனது. கோப்பையைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்தாள். தேநீரா அது? பாகு. உதடு ஒட்டிக்கொண்டது.

கால் மணி நேரத்தில், கையெழுத்துக்கு முன் மறுபடி அளந்தபோது, மீட்டர் தொண்ணூறு. ஏசி இறப்புப் பிரிவுக்குப் போனது. அவளுக்கு ஒரு குறிப்பாணை வந்தது: ‘தடை செய்யப்பட்ட பொருளை எங்கே பெற்றீர்? விளக்கம் தருக.’

‘தங்களுடைய சர்க்கரை இல்லாத தேநீரைத் தவிர வேறெதையும் நான் அருந்தவில்லை’ என்று பணிவுடன் எழுதிக் கொடுத்தாள்.

அதிகாரி மூன்று முறை படித்தார். விளக்கத்தை மறுத்தால் தேநீரில் சர்க்கரை இருந்ததாக ஆகிவிடும். ஆகவே ஏற்றுக்கொண்டார். மாலையே அடுத்த சுற்றறிக்கை: ‘தலைமை அதிகாரியின் சர்க்கரை இல்லாத தேநீர் கை நடுக்கத்தைத் தீர்க்கும் என்பது அலுவலகரீதியாக நிரூபணமாகியுள்ளது. நடுக்கம் உள்ளோர் வரிசையில் வந்து பெற்றுக்கொள்க.’ மருந்தே அலுவலகத்தில் இருக்கும்போது டாக்டர் எதற்கு என்று அவளுடைய விடுப்பு மறுபடியும் மறுக்கப்பட்டது.

அடுத்த வாரத்திலிருந்து, பதினோரு மணி அடித்ததும், நோயே இல்லாதவர்களுக்கும் கை நடுங்கத் தொடங்கியது. காவலாளிக்கு இரண்டு கையும். வேர்த்து விறுவிறுத்து அவள் வந்து சேர்ந்தபோது முன்னால் முப்பத்தொரு பேர்.

"கொஞ்சம் வழி விடுங்கண்ணே. எனக்கு நிஜமாவே நடுங்குது."

"எல்லாருக்கும் நிஜமாத்தாம்மா நடுங்குது," என்றபடி வரிசையின் முன்னாலிருந்து திரும்பி வந்தார் மூத்த எழுத்தர், விளிம்புவரை நிரம்பிய கோப்பையைத் துளிகூடச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு.