சவர நடுவர் ஸ்டீபன்

பாட்டிலுக்கு மூடி வேண்டும், மூடிக்குத் தரம் வேண்டும், தரத்துக்கு ஓர் அலுவலகம் வேண்டும். இந்த மூன்றையும் யாராலும் மறுக்க முடியாது. அதன் பொருட்டே மராட்டியத்துப் பிம்ப்ரியில் மூடித் தர வாரியத்தின் கிளை ஒன்று இயங்கி வந்தது. இருமல் மருந்தோ ஷாம்புவோ, எந்தப் பாட்டில் மூடியும் அங்கே ஒரு தடவை திறந்து மூடப்பட்ட பிறகுதான் உலகத்தைப் பார்க்கும்.

அங்கே ஷாம்பு மூடிப் பிரிவில் ஆய்வாளராக இருந்தவர் ஸ்டீபன். நாகர்கோவில்காரர். விஷ்ராந்த்வாடியில் வீடு. மார்பு வரை இறங்கிய கறுத்த தாடி. கம்பீரத்துக்காக வளர்த்தது என்று அலுவலகத்தில் எல்லோரும் நினைத்தார்கள், ஸ்டீபனும் மறுக்கவில்லை. உண்மையில் அவருக்குக் கத்தியைக் கண்டால் மயக்கம் வரும். மீசை முளைத்த வயதில் சலூன் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தவர், அன்றோடு தாடியை அதன் போக்கில் விட்டுவிட்டார். இது அவர் மனைவி அமலாவுக்கு மட்டும் தெரியும். ஆனால் தாடிக்குள் என்ன இருக்கிறது என்பது அமலாவுக்கும் தெரியாது.

கிளையின் இயக்குநர் தருண் சாஹேப், மூடிகளைப் பற்றி அறிந்துவர ஜெர்மனிக்குப் போனார். மூடிகளைப் பற்றி ஒன்றும் அறியாமல் இரண்டு சவரக்கத்திகளோடு திரும்பினார். பழைய காலத்து மடக்குக் கத்திகள். ஒன்று ஹாலோ: அலகின் இரண்டு பக்கமும் குடைந்து தாள் மாதிரி மெலிதாக்கியது. இன்னொன்று வெட்ஜ்: குடையாமல் ஆப்பு மாதிரி கனமாக விட்டது. சாஹேப் ஒரு நாள் இதில் மழித்தார், மறுநாள் அதில் மழித்தார். எது தனக்குப் பிடிக்கிறது என்று தெரியவில்லை. இயக்குநராலேயே முடிவெடுக்க முடியாத விஷயம் அவருடைய சொந்த விஷயமாக இருக்க முடியாது. ஆகவே நிர்வாக அதிகாரி ப்ரியம்வதா மேடம் சுற்றறிக்கை அனுப்பினார்: "சவரக்கத்தி விருப்பம் என்பது ஒவ்வொருவரின் தனிப்பட்ட உரிமை. எனவே அனைவரும் தத்தம் விருப்பத்தை உரிய வழியில் அலுவலகத்துக்குத் தெரிவித்து அனுமதி பெற வேண்டும்."

பெண் ஊழியர்களிடம் கணவரின் விருப்பம் கேட்கப்பட்டது. கல்யாணம் ஆகாதவர்களிடம் வருங்காலக் கணவரின் விருப்பம் கேட்கப்பட்டது.

ஒரே வாரத்தில் அலுவலகம் இரண்டாகப் பிரிந்தது. அதுவரை யாரும் மடக்குக் கத்தியைத் தொட்டது கிடையாது. இப்போது எல்லோரும் வாங்கினார்கள், எல்லோரும் வெட்டிக்கொண்டார்கள். விடுப்பு விண்ணப்பங்களில் காய்ச்சல் போய்க் கன்னம் வந்தது. ஹாலோ கட்சிக்குச் சென்னை ஸ்ரீவத்சன் தலைவர், வெட்ஜ் கட்சிக்குக் கோயம்புத்தூர் முரளி. அலுவலகத்தில் இந்தியும் மராத்தியும்தான் ஓடும். இவர்கள் சண்டை மட்டும் தமிழில் நடந்தது.

"ஏனுங்க ஸ்ரீவத்சன், உங்க கத்தி பாடுதாமா?" என்றார் முரளி, கேண்டீனில்.

"ஆமா. ஹாலோ கன்னத்துல இறங்கும்போது சின்னதா ஒரு ரீங்காரம் வரும். கேக்கறதுக்கு ஞானம் வேணும்."

"கத்தி எதுக்குங்க பாடோணும்? வெட்ஜ் வாயே தொறக்காது. வேலைய முடிச்சுட்டுப் போயிட்டே இருக்கும்."

"போகும். போகும்போது பாதிக் கன்னத்தையும் எடுத்துட்டுப் போகும்."

முரளி அவர் தாடையில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார். "அப்ப அதென்னங்க, பாட்டுக்குத் தாளமா?"

அதன்பின் இரண்டு கட்சிக்கும் தனித்தனி லிஃப்ட் ஒதுக்கப்பட்டது. மூடிகள் மூட்டை மூட்டையாகத் தேங்கின.

விருப்பம் தெரிவிக்காத ஒரே ஆள் ஸ்டீபன். சாஹேப் கூப்பிட்டனுப்பினார்.

"நீங்கள் எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமும் இல்லை சார். தாடி."

"ஹாலோ மீது ஏதாவது கசப்பா?"

"இல்லை சார்."

"வெட்ஜ் மீது?"

"அதுவும் இல்லை. என் முகத்தில் கத்தியே பட்டதில்லை சார்."

சாஹேப் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ப்ரியம்வதா மேடம், இத்தனை நாள் இவர் எங்கே இருந்தார்?"

"மூன்றாவது மாடியில், சார். ஷாம்பு."

"கத்தியைப் பற்றித் தெரிந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார்கள். தெரியாதவர் ஒருவரால்தான் நியாயம் சொல்ல முடியும்."

இவ்வாறு ஸ்டீபன் சவர நடுவர் ஆனார். ஏசி அறை கிடைத்தது. டீ கண்ணாடி கிளாஸிலிருந்து கப் அண்ட் சாஸருக்கு உயர்ந்தது. முதல் இரண்டு நாள் பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் இரு கட்சியினரும் மாறி மாறி வந்து "சார்" என்றதும் பயம் தெளிந்தது. ஹாலோ ஆட்களிடம் "மென்மையும் ஒரு வலிமைதான்" என்பார். வெட்ஜ் ஆட்களிடம் "வலிமையும் ஒரு மென்மைதான்" என்பார். இரு தரப்பும் குறித்துக்கொண்டு போனார்கள்.

வீட்டிலும் அதே பேச்சு. "அமலா, ஹாலோங்கிறது வெறும் கத்தி இல்ல. அது ஒரு மனோபாவம்."

"நான் மீன் வெட்டும்போது அடுத்த ரூம்ல போயி கண்ண மூடிட்டு நிப்பீங்கல்லா, அந்த மனோபாவமா?" என்று கேட்டாள் அமலா.

ஸ்டீபன் நடுநிலையோடு சாப்பிட ஆரம்பித்தார்.

எத்தனை நாள்தான் தீர்ப்பைத் தள்ளிப்போடுவது? இரண்டு கட்சிகளும் முதல் தடவையாக ஒன்றுசேர்ந்து ஒரு கோரிக்கை வைத்தன. நடுவர் தம் முகத்திலேயே சோதித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வலப்பக்கம் ஹாலோ, இடப்பக்கம் வெட்ஜ். சாஹேப் உடனே சம்மதித்தார். பதவியை விட்டுவிடலாம் என்று ஸ்டீபன் நினைத்தார். ஏசி நினைவுக்கு வந்தது. மூன்றாவது மாடியில் மின்விசிறிகூட ஒரு திசையில்தான் காற்று விடும்.

கூட்ட அரங்கில் ஏற்பாடு. பிம்ப்ரி மார்க்கெட்டிலிருந்து வந்த நாவிதர் கத்தியைத் தோல்பட்டையில் தீட்டிய முதல் சத்தத்திலேயே ஸ்டீபனுக்குக் கண் இருண்டது. அவ்வளவுதான் அவருக்கு நினைவிருந்தது.

கண் விழித்தபோது முகம் குளிர்ந்தது. மடியில் தாடி கிடந்தது. நடுவர் கண்ணை மூடிக் கூர்ந்து கவனிப்பதாகவே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"சொல்லுங்கள்," என்றார் சாஹேப். "எது சிறந்தது?"

"கத்தி பட்டதே தெரியவில்லை சார்," என்றார் ஸ்டீபன், சத்தியமாக.

"எந்தக் கத்தி?"

"இரண்டுமே."

ஸ்ரீவத்சன் எழுந்தார். "சார், ஓர் ஆட்சேபம். நடுவர் இப்போது மழித்த முகம். கத்தி பட்டுவிட்டது. அவருடைய நடுநிலை போய்விட்டது."

முரளி யோசித்தார். "அவர் சொல்வது சரி. இவர் தீர்ப்பு சொல்லத் தகுதியற்றவர்," என்றார். அன்று மாலையே ஏசி அறை காலி செய்யப்பட்டது.

வீட்டுக் கதவைத் திறந்த அமலா, வாசலில் நின்ற ஆளை ஏற இறங்கப் பார்த்தாள். "அவரு இன்னும் ஆபீஸ்லேர்ந்து வரலியே. நீங்க யாரு?"

"நான்தான், அமலா."

அமலா கதவைப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்தாள். ஸ்டீபன் தாடையைக் கையால் மூடப் போனார். அவள் கையை விலக்கினாள். "நாடியில குழி இருக்கே. இத எதுக்கு இத்தன வருஷமா மறைச்சு வச்சிருந்தீங்க?"

அதற்குமேல் தாடி வளர்க்க ஸ்டீபனுக்கு மனம் வரவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆளந்தி ரோடு சலூனுக்குப் போனார்கள். ஸ்டீபன் கண்ணை இறுக மூடிக்கொள்வார், அமலா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள்வாள். பிரசவ வார்டில்கூட இப்படிப் பார்த்ததில்லை என்றார் சலூன்காரர்.

அலுவலகத்தில் நடுவர் பதவி காலியாக இருந்தது. ஏசி வீணாக ஓடிக்கொண்டிருந்தது. தகுதி ஒன்றே ஒன்று: கத்தி படாத முகம். முதலில் ஸ்ரீவத்சன் ஷேவ் செய்வதை நிறுத்தினார். செய்தி தெரிந்ததும் முரளியும் நிறுத்தினார். தலைவர்கள் வழியில் தொண்டர்களும் நிறுத்தினார்கள். நடுவரை நியமிப்பவர் நடுவரைவிட நடுநிலையாக இருக்க வேண்டும் என்பதால் சாஹேபும் நிறுத்தினார். லிஃப்ட் பிரிவினை ஒழிந்தது. அடுத்த மாதம் எல்லோர் முகத்திலும் தாடி. எல்லோரும் நடுவர்கள். வழக்குக்குத்தான் ஆள் இல்லை.

அப்போதுதான், கிளையில் இன்னும் மழித்துக்கொண்டு ஒருவர் இருக்கிறார் என்று ப்ரியம்வதா மேடம் நினைவூட்டினார்.

ஸ்டீபன் அதே அரங்கில் நிறுத்தப்பட்டார். எதிரே வரிசை வரிசையாகத் தாடிகள்.

"நீங்கள் ஒருவர்தான் கத்தியோடு வாழ்கிறீர்கள்," என்றார் சாஹேப், தம் புதுத் தாடியைச் சொறிந்துகொண்டே. "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். ஹாலோவா, வெட்ஜா?"

ஸ்டீபனுக்குப் பொய் சொல்லும் ஆசை போய்விட்டிருந்தது. "சார், எனக்குக் கத்தியைக் கண்டாலே மயக்கம் வரும். சலூனில் கண்ணை மூடிக்கொள்கிறேன். இன்றுவரை எந்தக் கத்தியையும் நான் சரியாகப் பார்த்ததில்லை."

முன்வரிசை பின்வரிசையைப் பார்த்தது. சாஹேப் நிதானமாகக் கேட்டார்: "ஆக, இந்தக் கட்டடத்தில் சவரக்கத்தியைப் பற்றிச் சொல்ல ஒருவர்கூட இல்லை?"

"இல்லை சார்."

"மேடம், இதை அப்படியே டெல்லிக்கு எழுதுங்கள். முழுமையான நடுநிலை எய்தப்பட்டது."

டெல்லியில் அந்தக் கடிதத்தை மேலதிகாரிகள் நெகிழ்ச்சியோடு படித்தார்கள். எந்தச் சார்பும் இல்லாத அலுவலகம் ஒன்று நாட்டில் இருப்பது அவர்களுக்கே புதுச் செய்தி. பதில் விரைவாக வந்தது. இனி நாடு முழுவதும் விற்கும் எல்லாச் சவரக்கத்திகளுக்கும் பிம்ப்ரிக் கிளையே தரமுத்திரை வழங்கும். முத்திரைப் பிரிவுக்குத் தலைவர் ஸ்டீபன். கத்திகள் பெட்டி பெட்டியாக வந்தன. ஸ்டீபன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியின் மேலும் முத்திரை குத்தினார். ஏசி அறையில்.

ஒருநாள் சாயங்காலம் அமலா போனும் கையுமாக வந்தாள். "நாகர்கோவில்லேர்ந்து எங்க அண்ணன் பேசுதான். உங்க ஆபீஸ் முத்திரையப் பாத்துத்தான் கத்தி வாங்கிருக்கானாம். நம்பி ஷேவ் பண்ணலாமான்னு கேக்கான்."

ஸ்டீபன் தம் வழவழப்பான தாடையைத் தடவியபடி யோசித்தார்.

"தாடி வச்சுக்கச் சொல்லு," என்றார்.