நாம் விற்ற கோல்கீப்பர்

ஈப்போவில் சம்பளமும் நியமனக் கடிதமும் மேசை நாற்காலியும் இல்லாமல், ஒரு கால்பந்துக் கிளப்பின் தலைமை நிர்வாகியாகவும் பயிற்றுநராகவும் எலும்பு டாக்டராகவும் ஒரே சமயத்தில் பணியாற்றி வருகிற ஓர் இனம் உண்டு. தேடிக் காட்டுக்குள் போக வேண்டாம். காலை ஏழரை மணிக்குப் புந்தோங் வட்டாரத்தில் ஏதாவது ஒரு சாலையோர ஒட்டுக்கடையில் உட்காருங்கள். நீங்கள் கேட்ட தே, அதாவது டீ, வருவதற்கு முன்னால் இவர் வந்துவிடுவார். உங்கள் மேசைக்கே வருவார். எனக்குக் கால்பந்து தெரியாதே என்று சொல்லிப் பாருங்கள். அது ஒரு தடையே இல்லை. தெரியாதவர்தான் அவருக்கு வசதி. குறுக்கே பேசமாட்டார்.

இந்த இனத்துக்கு ‘ரசிகர்’ என்று பெயர் வைத்தவர் யாரோ. ரசிப்பதற்கு இவருக்கு ஏது நேரம்?

நமக்கு மாதிரியாகக் கிடைத்திருப்பவர் கார்த்திகேசு. வயது ஐம்பத்து மூன்று. தரை ஓடு செய்யும் தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறார். பகலெல்லாம் ஓட்டைத் தூக்கி இறக்குவார். காலையிலும் மாலையிலும் கிந்தா ரோவர்ஸ் கிளப்பின் ஆட்டக்காரர்களைத் தூக்கி இறக்குவார். (கிந்தா ரோவர்ஸை லீக் அட்டவணையில் தேடாதீர்கள். கீழேயிருந்து படித்தாலும் கிடைக்காது. நான் வைத்த பெயர் அது. கிளப்புக்கும் வக்கீல் உண்டு.)

இவரை அடையாளம் காண அவர் போட்டிருக்கும் சட்டையைப் பார்க்காதீர்கள். இலக்கணத்தைப் பாருங்கள். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, விட்டுவிட்டால் ‘நாங்கள்’ என்று பள்ளியில் படித்திருப்போம். கார்த்திகேசுவின் இலக்கணம் வேறு. கிளப் ஜெயித்தால் ‘நாம’. சமநிலையில் முடிந்தால் ‘கிளப்பு’. தோற்றால் ‘அவனுங்க’. நாம மூணு கோல் போட்டோம் லா என்று ஞாயிற்றுக்கிழமை மார்தட்டிய அதே வாய், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனுங்களுக்குப் பந்து எந்த வடிவத்துல இருக்கும்னே தெரியல என்று தோசையைப் பிய்க்கும். அந்த ஏழு நாளில் நாம எப்போது வீட்டைக் காலி செய்தோம், அவனுங்க எப்போது குடியேறினார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

ஆனால் ஆட்டக்காரர் வாங்கும் பருவத்தில் எல்லாமே ‘நாம’தான். இன்னும் யாரும் தோற்கவில்லையே! ‘நாம ஒரு பிரேசில்காரனைப் பாக்குறோம்’ என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார், பெண்ணுக்கு வரன் பார்ப்பது போல. விசாரணையும் அப்படித்தான். பையனுக்கு வயது என்ன, சொன்ன வயதுதானா, முட்டியில் ஆப்பரேஷன் ஏதாவது, முன்பு இருந்த இடத்தை விட்டு ஏன் வந்தான், மழைக்குத் தாங்குவானா, காரச் சம்பல் ஒத்துக்கொள்ளுமா. புந்தோங்கில் ஒரு மனிதர் எட்டு மாதமாக அந்தப் பிரேசில்காரனின் முழங்காலை நினைத்துக் கவலைப்படுகிறார் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கண் கலங்கியிருப்பான்.

வியாபாரத்திலும் அவருக்குத் தேர்ச்சி உண்டு. ஜெர்சியில் மெத்தைக் கம்பெனி விளம்பரம் போட்டதிலிருந்துதான் நடுக்கள ஆட்டக்காரர்கள் தூங்குகிறார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. டிக்கெட் விலை, சின்னத்தில் இருக்கும் புலியின் முகபாவம், இடைவேளையில் போடும் பாட்டு, எல்லாவற்றுக்கும் ஐந்தாண்டுத் திட்டம் வைத்திருக்கிறார். நெரிசலுக்கு முன்னால் வண்டியை எடுக்க வேண்டும் என்பதற்காக எண்பதாவது நிமிடத்தில் அரங்கத்தை விட்டுக் கிளம்பிவிடுவார்; ஆகவே பத்து வருடங்களாக ஓர் ஆட்டத்தின் முடிவைக்கூட நேரில் பார்த்ததில்லை. பார்க்காத பத்து நிமிடங்களைப் பற்றித்தான் மறுநாள் காலை ஒன்றரை மணி நேரம் பேசுவார்.

ஒருமுறை, இன்சூரன்ஸ் விற்கும் அழகப்பன் பக்கத்து மேசையிலிருந்து கேட்டார்.

“மச்சான், உன் வீட்டுக் கூரை மூணு வருஷமா ஒழுகுதே. அதுக்கு ஒரு திட்டம் போடக் கூடாதா?”

“அது வேற டிப்பார்ட்மெண்ட் லா. வீட்டுக்காரி பாத்துக்குவா.”

இவரை ரொம்பவும் கேலி செய்துவிட்டேனோ? இருங்கள், பக்கத்தைத் திருப்பாதீர்கள். இவருடைய அப்பாவும் தாத்தாவும் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நின்றவர்கள். பெயரைக் கூப்பிட்டால் ‘ஐயா’ என்று குரல் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் அவர்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. எந்த மரத்தைச் சீவலாம், எதை வெட்டலாம், எங்கே எண்ணெய்ச் செம்பனை வைக்கலாம், கடைசியில் தோட்டத்தையே யாருக்குத் தள்ளிவிடலாம் என்பதெல்லாம் அவர்களைக் கேட்காமலேயே முடிவானவை. அறுபது வருடக் கருத்து ஒரே குடும்பத்தில் தேங்கிக் கிடந்தால் எங்கேயாவது உடைத்துக்கொள்ளத்தானே செய்யும்? கிந்தா ரோவர்ஸின் மேல் உடைத்துக்கொண்டது.

அதுவும் இடம் பார்த்து உடைத்துக்கொண்டது. அவர் தினமும் உட்காரும் கடை குமுதாவுடையது. குமுதாவின் மகன் யுகேந்திரன், இருபத்தொன்பது வயது. கிந்தா ரோவர்ஸின் கோல்கீப்பர்.

இங்கேதான் நீங்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். யுகேந்திரன் முதன்முதலாகக் களமிறங்கிய வருடம் அவன் ‘நம்ம பையன்’. கார்த்திகேசு கடைக்கு வருபவர்களிடமெல்லாம் இவன் சின்னதாக இருக்கும்போது நான்தான் மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன் என்றார். தூக்கிக்கொண்டு போனது உண்மை. மைதானத்துக்கு அல்ல, பல் பிடுங்க. போகட்டும். இந்த வருடம் மே மாதம், அடைமழையில், வடக்கிலிருந்து வந்த ஒரு குழு அடித்த சாதுவான ஒரு பந்து யுகேந்திரனின் கையில் விழுந்து, வழுக்கி, கால்களுக்கு நடுவே புகுந்து, அவசரமே இல்லாமல் உருண்டு கோலுக்குள் போனது. எண்பத்தேழாவது நிமிடம். கார்த்திகேசு அப்போது வண்டியில் இருந்தார்.

மறுநாள் காலையிலிருந்து அவர் யுகேந்திரனை விற்க ஆரம்பித்தார்.

தினமும் விற்றார். அவனுடைய அம்மா சுட்ட தோசையைத் தின்றுகொண்டு, அவள் ஆற்றிக் கொடுத்த தேயைக் குடித்துக்கொண்டு விற்றார். சபாவுக்கு விற்றார், சிங்கப்பூருக்கு விற்றார், யாரும் வாங்காவிட்டால் சும்மாவாவது தள்ளிவிடலாம் என்று ஒரு வியாழக்கிழமை தயாளகுணத்தோடு அறிவித்தார். குமுதா கல்லைத் துடைத்து அடுத்த தோசையை ஊற்றுவாள். அவளுக்குக் கோபம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். காலைக் கடை நடத்துகிறவளுக்கு வாடிக்கையாளர் பேச்சும் மழையும் ஒன்றுதான், நின்றால்தான் ஆச்சரியம். தவிர, கார்த்திகேசு கெட்டவர் அல்ல. மேயிலிருந்து அக்டோபர் வரை ஒரு நாள்கூட அவர் யுகேந்திரனின் முகத்துக்கு நேராக எதுவும் சொன்னதில்லை. அவன் பயிற்சிக்குக் கிளம்பக் கடைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தால், என்னா தம்பி, சாப்டியா என்பார். அவன் போனதும் விட்ட இடத்திலிருந்து விற்பார்.

யுகேந்திரனின் ஒப்பந்தம் நவம்பரோடு முடிகிறது. புதுப்பிக்கும் கடிதம் வரவில்லை. வராவிட்டால், பந்தைத் தவிர வேறெதையும் பிடித்துப் பழகாத அந்தக் கை அண்ணன் முறையாகிற ஒருவரின் லாரிப் பட்டறைக்குப் போய் ஸ்பேனர் பிடிக்க வேண்டியதுதான். இதைக் குமுதா யாரிடமும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

இந்த நேரத்தில்தான் கிளப்புக்கு ஒரு யோசனை உதித்தது. ‘ரசிகர்களுடன் தேநீர்’. ஆறு ரசிகர்களை அழைத்து, ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்து, டத்தோ பட்டம் பெற்ற தலைமை நிர்வாகியே கருத்துக் கேட்கப்போகிறார். வாட்ஸ்அப்பில் ‘கிந்தா ரோவர்ஸ் உண்மை ரசிகர்கள் (அசல்)’ என்ற குழுவை நடத்திவருகிற தகுதியில் கார்த்திகேசுவுக்கு அழைப்பு வந்தது. துணைக்கு அழகப்பன். ஒன்பது வருடங்களாக நம் ஆள் கேட்டுவந்த வரம் என்ன? ‘எனக்கு அஞ்சு நிமிஷம் குடுத்தாப் போதும் லா, அந்தக் கிளப்ப எங்க கொண்டுபோறேன் பாரு.’ அளந்து வைத்தது போல ஐந்து நிமிடம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்டம். அன்று காலை, கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில், குமுதா அவருடைய மேசைக்கு வந்து நின்றாள்.

“அண்ணே, இன்னிக்குப் போறீங்கதானே? யுகேந்திரனப் பத்தி ஒரு வார்த்த கேட்டாலும் கேப்பாங்க.”

“கேக்கத்தான் செய்வாங்க. எங்கிட்ட ஏழு பாயிண்ட் இருக்கு.”

“நல்லதா சொல்லணும்னு இல்லண்ணே. இங்க சொல்றத அங்க சொல்லாதீங்க. அது போதும்.”

கார்த்திகேசு தேயைக் கீழே வைத்தார். பிறகு நெஞ்சில் கையை வைத்து, நான் எதுக்குத் தங்கச்சி இருக்கேன், நம்ம பையன விட்டுக்குடுப்பேனா என்றார். அவர் சொன்னதில் பொய் ஒரு துளிகூட இல்லை. அதுதான் இந்த இனத்தின் விசேஷம். வீட்டுக்குப் போய் ஏழு பாயிண்டையும் அடித்துவிட்டு, யுகேந்திரன் காப்பாற்றிய பந்துகளைப் பட்டியல் போட்டார். பதினொரு பெனால்டி. பாதி ஆட்டங்களில் எதிராளிக்குக் கோலே இல்லை. எழுத எழுத அவருக்கே ஆச்சரியம். இவ்வளவு நல்ல கீப்பரையா ஆறு மாதமாக விற்றுக்கொண்டிருந்தோம்?

அடுத்து நடந்ததை அழகப்பன் சொன்னதால் அறிகிறோம்.

குளிரூட்டிய அறை. நீள மேசை. மற்ற ஐந்து பேரும் கழிவறைச் சுத்தம், வண்டி நிறுத்துமிடம் என்று பேசி முடித்தார்கள். கார்த்திகேசுவின் முறை வந்ததும் டத்தோ தாளைப் பார்த்து அவருடைய பெயரைக் கூப்பிட்டார். அந்தக் குரலில் என்ன இருந்ததோ தெரியவில்லை. கார்த்திகேசு எழுந்து நின்றார். யாரும் எழச் சொல்லவில்லை. மற்ற ஐந்து பேரும் உட்கார்ந்தபடிதான் பேசினார்கள். கைகள் தாமாக முன்னால் கட்டிக்கொண்டன. பட்டியல் சட்டைப் பையிலேயே இருந்தது. டத்தோ மரியாதையாகத்தான் மலாயில் கேட்டார்: கோல்கீப்பரை வைத்துக்கொள்வதா விடுவதா என்று யோசிக்கிறோம், ரசிகர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கேட்டுவிட்டார்கள். மூன்று தலைமுறையாக ஒருவரும் கேட்காததை, குளிரூட்டிய அறையில் ஒரு டத்தோ, பதிலுக்காகப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டுவிட்டார்.

“தெர்செரா டத்தோ” என்றார் கார்த்திகேசு. டத்தோவின் விருப்பப்படி.

அழகப்பன் மேசைக்கடியில் காலால் இடித்துப் பார்த்திருக்கிறார். அவர் பக்கமே திரும்பாமல், நிர்வாகம் எந்த முடிவு எடுத்தாலும் நாங்கள் துணை நிற்போம் என்றும் நம் ஆள் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். டத்தோ பேனாவை மூடினார். மீதம் நான்கரை நிமிடம் இருந்ததால் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் சாயந்திரமே உண்மை ரசிகர்கள் குழுவில் வந்துவிட்டது. டத்தோ சிரிக்கிறார், கார்த்திகேசு கை கட்டியிருக்கிறார். கீழே நூற்றுப் பன்னிரண்டு பேர் கட்டை விரல் போட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை கடிதம் வந்தது. இவ்வளவு நாள் உழைத்ததற்கு நன்றி, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள் என்று இரண்டு வரி.

ஞாயிற்றுக்கிழமை காலை கார்த்திகேசு கடைக்கு வந்தார். வரமாட்டார் என்று நினைத்தீர்களா? அவர் இந்த இனத்தில் சுத்த ரத்தம். உட்கார்ந்தார். தே வருவதற்கு முன் ஆரம்பித்தார்.

“அவனுங்களுக்கு மண்ட இருக்கா? பதினோரு பெனால்டி புடிச்சவன விட்டுட்டானுங்க. நான் மட்டும் அந்த எடத்துல இருந்திருந்தா…”

“இருந்தீங்களேண்ணே” என்றாள் குமுதா.

சத்தமாகச் சொல்லவில்லை. கரண்டி கல்லில் படுகிற சத்தத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே சொன்னாள். அழகப்பன் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். கார்த்திகேசு அதற்குள் வந்திருந்த தேயைப் பார்த்தார். தே ஆறிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து யுகேந்திரன் பின்னாலிருந்து வந்தான். பயிற்சிப் பை இல்லை. தோளில் மேசை துடைக்கிற துணி. அவருடைய மேசையை நிதானமாக, நான்கு மூலையும் விடாமல் துடைத்தான். துடைத்து முடித்துவிட்டுக் கேட்டான்.

“அப்புறம் அங்கிள், அடுத்த சீசனுக்கு கோலுக்கு நாம யாரப் பாக்குறோம்?”

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கார்த்திகேசுவின் கண் நிறைந்துவிட்டது. நான் சத்தியமாகச் சொல்வேன், நிறைந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புத்தான் கேட்கப் போகிறார் என்று அழகப்பன் பேப்பரை இறக்கினார்.

“திரங்கானுவுல ஒருத்தன் இருக்கான் தம்பி” என்றார் கார்த்திகேசு. “ஆறடி ரெண்டு. வயசு இருபத்து மூணுங்கிறான். எனக்கு என்னமோ முட்டியிலதான் சந்தேகம்.”

கதை இவ்வளவுதான். இதைப் படித்து முடித்த உங்கள் முகத்தில் ஒரு களை தெரிகிறதே, அதைப் பற்றித்தான் யோசிக்கிறேன். அந்தக் குளிரூட்டிய அறையில் கார்த்திகேசு என்ன பேசியிருக்க வேண்டும் என்று உங்களிடம் ஒரு தெளிவான யோசனை இருக்கிறது. குமுதா அவரிடம் கேட்டிருக்கவே கூடாது, அழகப்பனிடம் கேட்டிருக்க வேண்டும் என்பது இன்னொரு யோசனை. டத்தோவுக்குச் சொல்லவும் இரண்டு மூன்று வைத்திருப்பீர்கள். போதாததற்கு, இந்தக் கட்டுரையை நான் எந்த வரியில் முடித்திருக்கலாம் என்றுகூட உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சொல்லுங்கள், கேட்கிறேன். ஐந்து நிமிடம் தருகிறேன். எழுந்து நிற்க வேண்டாம், உட்கார்ந்தே பேசலாம்.