முதல் வரியோடு நின்றவர்

எண்ணைப் பார்த்தால் ஆளைப் பார்க்காத ஓர் இனம் உண்டு. தெருவுக்கு ஒருவர், அலுவலகத்துக்கு இருவர் என்று பரவிக் கிடக்கும் இந்த இனத்தின் அசல் சரக்கைப் பார்க்க வேண்டுமா? மருந்துப் பெட்டி கட்டும் கிடங்கு ஒன்றுக்கு வாருங்கள். மேலாளர் நாற்காலியில் இருக்கிறார், நார்மல் சார்.

பட்டப்பெயர்தான். யாருடைய ரத்தப் பரிசோதனைத் தாளானாலும் கேட்டு வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முதல் வரியை மட்டும் படித்து, "நார்மல்!" என்று தீர்ப்புச் சொல்லித் திருப்பித் தருவார். மற்ற வரிகள்? டாக்டர்களின் பொழுதுபோக்கு.

ஜன்னலே இல்லாத கூடத்துக்குள் விடியுமுன் நுழைந்து இருட்டியபின் வெளியேறி, பதினோரு வருஷமாகப் பெட்டி கட்டும் அக்கா, அன்று ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பரிசோதனைத் தாளோடு அவர் முன் வந்து நின்றார்.

"சார், மாத்திரை குடுத்திருக்காங்க. மதியம் அரை மணி வெயில்லயும் நிக்கச் சொன்னார் டாக்டர்."

"கால்சியம் ஒன்பது புள்ளி ரெண்டு. நார்மல்மா! வெயில் எதுக்கு?"

"கீழ பாருங்க. வைட்டமின் டி தரை தட்டியிருக்கு."

"அதுக்கும் கீழ பாரு. பாராதைராய்டு ஹார்மோன் எகிறியிருக்கே! ஒண்ணு குறைஞ்சா ஒண்ணு கூடியிருக்கு. சரியாப் போச்சு."

பரீட்சை மார்க் மாதிரி எது கூடினாலும் லாபம் என்பது அவர் கண்ட விஞ்ஞானம்.

"வேணும்னா என் ரூம் கண்ணாடி ஜன்னல்கிட்ட அஞ்சு நிமிஷம் நில்லு."

"கண்ணாடி வழியா வர்ற வெயில் இதுக்கு உதவாதாம் சார். டி இல்லன்னா, சாப்பிடற கால்சியம் உடம்புல சரியா சேராது. ரத்தத்துல குறையக் கூடாதேன்னு அந்த ஹார்மோன் எலும்பச் சுரண்டி எடுத்து ஊத்துது. அதான் உங்க நார்மல்."

"கதை விடாத."

"கதையா? மாசாமாசம் நீங்க மேல அனுப்பற ரிப்போர்ட்டும் அப்படித்தானே சார்? நாலு ஆள் வேலைய விட்டுப் போயிட்டாங்க, பெட்டி மட்டும் குறையல. எங்க சாப்பாட்டு நேரத்தச் சுரண்டித்தானே ரொப்பறீங்க?"

கூடம் சிரித்தது. ஓர் எண் எங்கிருந்து வருகிறது என்று நார்மல் சார் வாழ்க்கையில் முதல்முறையாக யோசித்தார். பழக்கமில்லாததால் கோபம்தான் வந்தது.

"போய் வேலையப் பாரு!"

அக்கா பார்க்கவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், லாரி நிற்கும் முற்றத்தில் கைகளை வெயிலுக்கு நீட்டி நின்றார். பின்னால் எட்டுப் பேர். அப்புறம் முழுக் கூடமும்.

எத்தனை பேரைத்தான் துரத்த முடியும்? அன்று இருநூறு பெட்டி குறைந்தது. மேலிடத்துக்கு எழுத உட்கார்ந்த நார்மல் சாரின் பேனா வெகுநேரம் காற்றில் நின்றது. கடைசியில் குறைந்ததைக் குறைந்ததாகவே எழுதினார். 'காரணம்' என்ற கட்டத்தில், "ஆள் போதவில்லை" என்றும் சேர்த்தார். மறுநாள் மதியம் கதவு திறந்தே இருந்தது.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் வீட்டில் சாப்பாடு நேரத்துக்கு வருகிறது, துணி மடித்து வைக்கப்படுகிறது, யாரும் முணுமுணுப்பதில்லை, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, இல்லையா? யாருடைய எலும்பிலிருந்து என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.