ஆலப்பாக்கத்தில் ஏறிய அரை மாத்திரை

நான் மருந்தியல் பாடம் நடத்துகிறவள். எந்த மாத்திரை எத்தனை நிமிடத்தில் ரத்தத்தில் கலக்கும், எப்போது உச்சத்துக்குப் போகும், எப்போது உடம்பை விட்டு வெளியேறும் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவளை அரை மாத்திரையை வைத்து ஏமாற்ற முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். என்னை மாதிரி ஆளைத்தான் அவ்வளவு சுத்தமாக ஏமாற்ற முடியும். இந்தப் படிப்பெல்லாம் படிக்காதவராக இருந்தால் பாதி வழியிலேயே சந்தேகம் வந்திருக்கும்.

எம்.ஃபார்ம். முடித்துவிட்டு சிதம்பரத்தில் அம்மா வீட்டில் உட்கார்ந்திருந்த காலம் அது. நான்கு கல்லூரிகளுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய், நான்கிலும் மண்ணைக் கவ்வியிருந்தேன். பாடம் தெரியாமல் இல்லை. எதிரே மூன்று பேர் மேசை போட்டு உட்கார்ந்தால் உள்ளங்கை வேர்க்கும், நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். ஓர் இடத்தில் உங்கள் பெயர் என்ன என்று கேட்டதற்கு அம்மாவின் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன். (அம்மா அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டாள்.) ஐந்தாவதாகக் கடலூரில் ஒரு கல்லூரி கூப்பிட்டது. முப்பது மாணவர்கள் முன்னால் கால் மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தலைப்பு நம் விருப்பம். நான் என் ஆய்வுத் தலைப்பையே கொடுத்திருந்தேன்: பதற்றம் தணிக்கும் மருந்துகள், முக்கியமாக டயஸெபாம்.

"இதுவும் கெடைக்கலன்னா பேசாம மாமா கடையில போயி உக்காந்துடு" என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். ஆக, இதுதான் கடைசி வாய்ப்பு.

மாமா என்றால் என் அக்கா செல்வியின் வீட்டுக்காரர். கீரப்பாளையத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். தேர்வுக்கு முந்தைய நாள் சாயங்காலம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போய் நின்றேன்.

"மாமா, ஒரே ஒரு டயஸெபாம். நாளைக்கு மட்டும்."

"சீட்டு எங்கம்மா?"

"அந்த மருந்தப் பத்தி நூத்தி நாப்பது பக்கம் எழுதுனவ நானு. என்கிட்ட போயி சீட்டு கேக்குறீங்களே."

"நூத்தி நாப்பது பக்கத்துல எங்கனா டாக்டர் கையெழுத்து இருக்கா?"

"என் கைடு போட்டுருக்காரு. அவரும் டாக்டர்தான்."

"அவரு எலிக்கு டாக்டரும்மா. மனுசனுக்குப் போடுறதுன்னா மனுச டாக்டரு சீட்டு வேணும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கூடவே அழுகையும் வரும். கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அக்கா உள்ளேயிருந்து, "பாவங்க அது, குடுத்துத் தொலைங்க" என்றாள். மாமா பெருமூச்சு விட்டுக்கொண்டு கடையின் பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் வெள்ளைத்தாள் பொட்டலம்.

"அரைதான் வச்சிருக்கேன். காலையில சாப்ட்டுட்டு போடு. யாருகிட்டயும் சொல்லிக்காத."

வீட்டுக்கு வந்து டியூப்லைட் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். வெள்ளை நிறம், நேராக உடைந்த விளிம்பு. ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்காக நூற்றுக்கணக்கில் பொடித்த கை இது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. டயஸெபாம்தான், சந்தேகமே இல்லை என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, சிதம்பரம் பேருந்து நிலையத்தில் கடலூர் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். லேசாக இனித்தது. நோயாளிகள் முகம் சுளிக்கக் கூடாது என்று இப்போது இனிப்பெல்லாம் சேர்க்கிறார்கள் போலிருக்கிறது, நல்ல கம்பெனி என்று மனசாரப் பாராட்டினேன்.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. சரிதான், இன்னும் இரைப்பையில் இருக்கும். பி.முட்லூரில் கண்ணிமை கொஞ்சம் கனத்தது. ஆகா, உறிஞ்சத் தொடங்கிவிட்டது. புதுச்சத்திரம் வந்தபோது காதுவரை தூக்கி வைத்திருந்த தோள் இரண்டும் தானாக இறங்கின. நம் மூளையில் காபா என்று ஒரு பொருள் உண்டு. துள்ளுகிற நரம்புகளிடம் 'சும்மா இரு' என்று சொல்வதுதான் அதன் வேலை. டயஸெபாம் போட்டால் அந்தச் சொல் நரம்புகளுக்கு இன்னும் நன்றாகக் கேட்கும். எனக்குக் கேட்டது. ஒவ்வொரு நரம்பும் அடங்கி உட்காருவதை உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். எத்தனை எலிக்குக் கொடுத்திருக்கிறேன், அவற்றில் ஒன்றாவது இப்படிச் சொல்லியிருக்கிறதா?

ஆலப்பாக்கத்தில் உச்சம். புத்தகக் கணக்குப்படி குறைந்தது ஒரு மணி நேரம் ஆக வேண்டும். எனக்கு முக்கால் மணியிலேயே வந்துவிட்டது. என் செரிமானம் அப்படி என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன். உடம்பு பஞ்சாகிவிட்டது, நாக்கு குழறியது.

"எங்கம்மா எறங்கணும்?" என்றார் கண்டக்டர்.

"மஞ்... சக்குப்பம் அண்ணே. மெதுவாவே போங்க, அவசரம் ஒண்ணும் இல்ல."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

கல்லூரி வகுப்பறையில் முதல் வரிசையில் மூன்று பேர்: முதல்வர், துறைத் தலைவர் மேடம், நிர்வாகத்தின் சார்பில் ஒருவர். நிர்வாகத்துக்காரர் செல்போனில் மூழ்கியிருந்தார். பின்னால் முப்பது பிள்ளைகள். பக்கத்தில் சக்கரம் வைத்த வெள்ளைப் பலகை. சான்றிதழ் கோப்பை மேசைமேல் வைத்துவிட்டு மார்க்கரை எடுத்தேன். உள்ளங்கை வேர்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வேர்க்கவில்லை. அப்போதுதான் என் ஆய்வேட்டின் ஒரு பத்தி நினைவுக்கு வந்தது. இந்த மருந்து வேலை செய்கிற நேரத்தில் நடப்பவை பிற்பாடு மனத்தில் தங்காமல் போகலாம்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இங்கே என்ன நடந்தாலும் நாளைக்கு எனக்கு ஞாபகம் இருக்கப் போவதில்லை. பிறகு எதற்கு வெட்கம்? (நான் மறந்துவிடுவேன், சரி. எதிரே இருக்கிற முப்பத்து மூன்று பேர் மாத்திரை போடவில்லையே என்பது என் அறிவுக்கு எட்டவே இல்லை.)

"பிள்ளைங்களா, இன்னிக்கு எலி வேணாம். நானே இருக்கேன்" என்று ஆரம்பித்தேன். "உங்க முன்னாடி நிக்கிற இந்த உடம்புல இப்ப டயஸெபாம் உச்சத்துல இருக்கு."

துறைத் தலைவர் மேடத்தின் பேனா நின்றது.

அதன் பிறகு நடத்தினேன் பாருங்கள், அந்த மாதிரி வகுப்பை நான் அதற்கு முன்னும் நடத்தியதில்லை, பின்னும் நடத்தியதில்லை. முன்பெஞ்சுப் பெண்ணைக் கூப்பிட்டு என் நாடியைப் பிடிக்கச் சொன்னேன். காபா எப்படி நரம்பின் கதவைத் திறந்து, அதை அடக்குகிற குளோரைடை உள்ளே விடுகிறது என்று நடித்துக் காட்டினேன். பிள்ளைகள் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டார்கள். "சார், நீங்க வந்ததுலேர்ந்து போன்லயே இருக்கீங்க. ஒண்ணு வெளியில போங்க, இல்லன்னா பையில வைங்க" என்றேன். நிர்வாகத்துக்காரர் பையில் வைத்தார். முதல்வர் ஆய்வேட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். "அந்த நாலாவது அத்தியாயம் எனக்கே புரியாது சார். கைடு எழுதச் சொன்னாரு, எழுதினேன்" என்றேன். பொது வாழ்வில் இவ்வளவு உண்மையை ஒரே நாளில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

கடைசியாகத் தள்ளாட்டம். இந்த மருந்தில் நடை தடுமாறும் என்பதைக் காட்ட, தரையில் ஓடுகளின் இடைக்கோட்டில் நேராக நடக்க முயன்றேன். நாலாவது அடியில் நிஜமாகவே சாய்ந்தேன். பிடித்துக்கொள்ள பலகைதான் கிடைத்தது. பலகைக்குச் சக்கரம் இருந்தது. நானும் அதுவுமாகக் கட்டிப் பிடித்துக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாக வராந்தாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே கைதட்டல் கூரையைப் பிளந்தது. வகுப்பை முடிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தோன்றியது. வாசலிலிருந்தே எல்லோருக்கும் வணக்கம் வைத்துவிட்டு நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், "நாளைக்கு எனக்கு எதுவும் ஞாபகம் இருக்காதும்மா, இப்பவே கேட்டுக்கோ" என்று அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "மாமா கடைக்கு எப்பலேர்ந்து போற?" என்றாள்.

மறுநாள் காலை கண் விழித்ததும் சோதித்துப் பார்த்தேன். நாடி பார்த்த பெண்ணின் வளையல் நிறம்வரை ஞாபகம் இருந்தது. போனைப் பற்றிச் சொன்னது, நாலாவது அத்தியாயம், பலகை, சக்கரம், எல்லாம் இருந்தன. சான்றிதழ் கோப்பை அந்த மேசையிலேயே விட்டுவிட்டு வந்ததும் கூடவே ஞாபகம் வந்தது. உடனே மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, அது டூப்ளிகேட் மருந்து. மறதியே வரல. கம்பெனி பேர சொல்லுங்க, நான் கம்ப்ளெய்ண்ட் பண்ணப் போறேன்."

மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மகா, கோவப்படாத. அது சிங்க் மாத்திரைம்மா."

"எந்த சிங்க்கு?"

"கொழந்தைங்களுக்கு வயித்தால போனா குடுப்பாங்கல்ல, அது. சீட்டு இல்லாம நான் வேற என்னா குடுக்க முடியும்?"

அதாவது முட்லூரில் கனத்த கண்ணிமை, புதுச்சத்திரத்தில் இறங்கிய தோள், ஆலப்பாக்கத்து உச்சம், அத்தனையும் என் சொந்தத் தயாரிப்பு. நாக்கு குழறியதும் நானே. விழுந்ததும் நானே. படித்ததையெல்லாம் வரிசை மாறாமல் உடம்பு ஒப்பித்திருக்கிறது. அழலாமா சிரிக்கலாமா என்று தெரியாமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆனால் கோப்பை வாங்கியாக வேண்டும். மாத்திரை எதுவும் இல்லாமல், வேர்த்து விறுவிறுத்து மறுபடி கடலூர் போனேன். துறைத் தலைவர் மேடம் கோப்பைத் தன் முன்னால் வைத்திருந்தார்.

"நேத்து நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்கா?"

இல்லை என்று சொன்னால் மானம் பிழைக்கும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. மேலே போய் ஒட்டிக்கொள்ளாமல் ஏனோ சரியாகப் புரண்டது நாக்கு. "ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கு மேடம். அது டயஸெபாம் இல்ல. வயித்துப்போக்கு மாத்திரை" என்று முழுக்கதையையும் சொன்னேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். தோள் குலுங்கியதில்தான் சிரிக்கிறார் என்று புரிந்தது.

"தூக்க மருந்து போட்டுட்டு கிளாஸுக்கு வர்றவங்களுக்கு இங்க வேலை கெடையாது. நேத்தே உன் பேர அடிச்சிட்டேன். ஆனா வயித்துப்போக்கு மாத்திரைக்கு எங்க ரூல்ஸ்ல எதுவும் இல்ல" என்றார். "பசங்க நேத்துலேர்ந்து அந்த டீச்சர் எப்ப வருவாங்கன்னு கேட்டு உயிர வாங்குறாங்க. திங்கக்கெழம வந்து சேரு. மொதல்ல அந்தப் பலகைய எடத்துல கொண்டுபோயி வை."

அன்று கிடைத்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது யார் எதற்குப் பதறினாலும், "இரு, இன்னும் முட்லூரே வரல" என்பார்கள். யாராவது ஓவராக நடித்தால், "ஆலப்பாக்கம் தாண்டிட்டா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

போன மாதம் மருந்துக்கடைக்காரர்கள் கூட்டத்தில் பேச மாமாவைக் கடலூருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சீட்டு இல்லாமல் மருந்து கொடுக்காதீர்கள் என்று ஐந்து நிமிடம் சொன்னால் போதும். மனுஷன் மைக்கைத் தொட்டதே இல்லை. காரில் நானும் அக்காவும் கூடப் போனோம். வெள்ளாற்றுப் பாலத்திலேயே மாமாவின் சட்டை வேர்த்து நனைந்துவிட்டது. முட்லூருக்கு முன்னால் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மகா, அந்த அரை வச்சிருக்கியா?"

மாமா கடையில் வாங்கிய அதே சிங்க் மாத்திரையில் ஓர் அரை என் கைப்பையில் எப்போதும் இருக்கும், வகுப்பில் காட்டுவதற்காக. "சீட்டு எங்க மாமா?" என்றேன்.

"வெளையாடாத. குடும்மா."

"இது என்னா மாத்திரைன்னு உங்களுக்கே தெரியுமே மாமா. நீங்க குடுத்ததுதானே."

"தெரியும், தெரியும். குடு."

வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். புதுச்சத்திரத்தில் தோள் இறங்கியது. ஆலப்பாக்கத்தில் கண்ணைத் திறந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, எங்கள் இருவரையும் பார்த்து நிம்மதியாகச் சிரித்தார்.

"புடிச்சிடுச்சும்மா" என்றார்.