சோப்புப் பெட்டி

பேச்சு வருகிறவளுக்கு எதன்மேல் நின்றாலும் பேச்சு வரும். இதை நான் பெருமையாகவே சொல்வேன். எதன்மேல் நிற்பது என்று தெரிந்துகொள்ளத்தான் ஊர் முன்னால் மானம் கெட வேண்டியிருந்தது.

எழுபதுகளில் சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் எனக்கு வேலை. கைப்பிள்ளைகளைச் செடிக்கடியில் சாக்கு விரித்துக் கிடத்திவிட்டுத்தான் காய் எடுப்போம். என் மகனும் அப்படித்தான் கிடந்தான். மழையும் அட்டையும் அவர்களை விடாது. பிள்ளைகளுக்கு ஒரு கொட்டகை கேட்டுக் கூட்டம் போட்டோம். தோட்டத்துக்குள் மேடை கட்டக் கூடாதென்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதனால் பஸ் ரோட்டு வளைவில் கூடினோம்.

பேச வந்த யூனியன் தலைவர் நல்ல கனத்த உடம்பு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னிடம், "மேடை எதுக்கும்மா? ஒரு சோப்புப் பெட்டி கொண்டா, போதும்" என்றார்.

பாவம், வழியெல்லாம் தூசி போல என்று நினைத்து ஓடினேன். (எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மூடி போட்ட சோப்புப் பெட்டி என்னிடம்தான் இருந்தது. அந்தப் பெருமை வேறு.) ஒரு கையில் பெட்டி, மறு கையில் தண்ணீர்ச் செம்பு, தோளில் துண்டு.

"மூஞ்சி கழுவுங்கண்ணே."

கூட்டமே வெடித்துச் சிரித்தது. "ஏட்டி, அப்படியே முதுகும் தேச்சு விட்டுட்டு வா!" என்று கத்தினாள் என் நாத்தனார் செல்லம்.

தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். வெளிநாட்டில் மேடைக்கு வழியில்லாதவர்கள், கடைக்குச் சோப்பு வந்த மரப்பெட்டியைத் தெருவில் கவிழ்த்து ஏறிப் பேசுவார்களாம். அப்படிப் பேசுகிற இடத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டதாம்.

கடைக்கார அண்ணாச்சி ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்தார். தலைவர் ஏறி, "தோழர்களே" என்றார். மடார்! பலகை ஒடிந்து ஒரு கால் உள்ளே போய்விட்டது.

"ஏன் அண்ணாச்சி, இது சோப்பு வந்த பெட்டியா, அப்பளம் வந்த பெட்டியா?" என்றாள் செல்லம்.

அந்த நேரம் பார்த்து மேனேஜரின் ஜீப் வந்து நின்றது. அவர் கிளம்பிவிட்டால் கொட்டகை போச்சு. அண்ணாச்சி இன்னொரு பெட்டியைக் கவிழ்த்து, "எடையில்லாத ஆளா ஏறுங்க" என்றார். செல்லம் என்னைத் தூக்கி மேலே நிறுத்திவிட்டாள்.

கையில் இன்னும் அந்தச் சோப்புப் பெட்டி. வேறு வழியில்லாமல் அதையே தூக்கிக் காட்டினேன்.

"சார், மழையில கரையக் கூடாதுன்னு இந்தச் சோப்புக்குக்கூட மூடி இருக்கு. எங்க புள்ளைங்களுக்கு மேல ஒண்ணுமில்ல."

யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தைரியத்தில் ஓரடி முன்னால் வைத்தேன். முன்னால் பெட்டி இல்லை. நேரே சேற்றில்.

அடுத்த மழைக்கு முன் கொட்டகை வந்துவிட்டது. அந்த வளைவில் பஸ் நிற்கும்போது கண்டக்டர் இன்றும், "சோப்புப் பெட்டி இறங்கு!" என்றுதான் கூவுகிறார்.

வீட்டில் நான் குரலை உயர்த்தினால் போதும். அன்றைக்குச் சாக்கில் கிடந்த மகன் குளியலறைச் சோப்புப் பெட்டியைக் கொண்டுவந்து காலடியில் வைப்பான். "ஏறும்மா, பேசு."

ஏறுகிறேன். பேசி முடிக்காமல் இறங்குவதில்லை.