ஞாயிற்றுக்கிழமை முகம்

"நைனா, நீயா சிரிக்கிற?"

"ஆமாம்மா! இந்தக் குரங்கு இன்னா பண்ணுதுன்னு நீயே பாரேன்!"

பேசியது இவ்வளவுதான். அதற்குள் அன்புக்கரசி வாசற்படியிலேயே உட்கார்ந்து, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

எட்டு மாதத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அது. செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகும் சாலையில் இருந்த மூத்தோர் குடியிருப்புக்குத் துரைக்கண்ணு வந்து ஆறாவது நாள். மனைவி இறந்து இரண்டு வருடம் தனி வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தவர், தானே விசாரித்து, தானே வந்து சேர்ந்த இடம் அது. ஆளுக்கொரு சின்ன வீடு, ஆளுக்கொரு சாவி. சாப்பாட்டுக் கூடம் மட்டும் பொது. அன்றைக்குப் பக்கத்து வீட்டு சைபுதீன் பாயின் மூக்குக்கண்ணாடியைக் குரங்கு ஒன்று பிடுங்கிப் போட்டுக்கொண்டு, அவருடைய பேப்பரையும் மதில்மேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. துரைக்கண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த நேரம் பார்த்துத்தான் மகளும் மருமகனும் தாம்பரத்திலிருந்து வந்து இறங்கினார்கள்.

மகள் அழுததை அவர் ஒரே மாதிரிதான் புரிந்துகொண்டார். பெற்ற பெண்ணிடம் போகாமல் இங்கே வந்த ஆறே நாளில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால், எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு தாங்கும்?

அடுத்த ஞாயிறு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்புக்கரசி அழவில்லை. 'வித்தை பலித்துவிட்டது' என்று அவர் நினைத்தார். ஆனால் அதற்கடுத்த வாரம் அவள் கருவாட்டுக் குழம்போடு வந்தாள். அதற்கடுத்த வாரம் சத்து டானிக். பிறகு சனிக்கிழமையே வந்து செஞ்சியில் ரூம் எடுத்துத் தங்க ஆரம்பித்தாள். அவள் அக்கறை கூடக் கூட, இவர் முகத்தை இன்னும் இரண்டு அங்குலம் இறக்கினார்.

"இன்னா துரை, ஞாயித்துக்கெழமயானா உனக்கு வயித்து வலியா?" என்று சைபுதீன் கேட்டார். ஒரு காலத்தில் அரிசி மண்டி வைத்திருந்தவர்.

"நம்ம சந்தோஷமா இருந்தா புள்ளைங்க மனசு நோவுது பாய். அவங்க வந்து போற பத்து மணியிலருந்து நாலு மணி வரைக்கும் பல்லக் கடிச்சிகினு இருந்தா போதும்."

பாய்க்கு அது நியாயமாகப் பட்டது. தன் மகன் ஜுபைர் வந்தபோது அவரும் செய்து பார்த்தார். எதிர்வீட்டு லட்சுமியம்மாளும் பிடித்துக்கொண்டார். இரண்டே மாதத்தில் குடியிருப்பு முழுக்க ஞாயிற்றுக்கிழமை முகம் பரவிவிட்டது. முப்பது வருடம் பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளராக இருந்தவர் துரைக்கண்ணு. பழைய விசிலை இன்னும் வைத்திருந்தார். சரியாகப் பத்துக்கு ஒரு விசில். எல்லார் முகமும் இறங்கும். நாலுக்கு ஒரு விசில். கேரம் போர்டு வெளியே வரும்.

இந்த ஞாயிறு மகளின் கார் ஒன்பது மணிக்கே வந்துவிட்டது.

துரைக்கண்ணு வீட்டில் கேரம் இறுதி ஆட்டம். பாய் சிவப்புக் காயான ரெட்டைப் போட்டுவிட்டு அடுத்த காயைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஹாரன் கேட்டதும் துரைக்கண்ணு அவசரமாக விசில் ஊதினார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, காய் கலையாமல் போர்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். வேடிக்கை பார்க்க வந்த லட்சுமியம்மாள் வாயில் முழு ஜிலேபி.

"நைனா, கெளம்பு," என்றபடியே அன்புக்கரசி உள்ளே வந்தாள். "உனக்கு ரூம் ரெடி பண்ணிட்டேன். ஃபேன் போட்டாச்சு, கட்டில் வாங்கியாச்சு. போதும் நீ இங்க இருந்தது."

துரைக்கண்ணுவுக்கு உண்மையாகவே முகம் தொங்கிவிட்டது. தாம்பரத்தில் மூன்றாவது மாடி. மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் திரும்ப இரவு எட்டாகும். இங்கேயோ, காலையில் எட்டு மணிக்குள் கதவு திறக்கவில்லை என்றால் மூன்று பேர் வந்து தட்டுவார்கள். கூடத்தில் மணியடித்தால் கொதிக்கிற ரசம். ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலைக்கோட்டை.

"இங்க நல்லாத்தாம்மா இருக்குது," என்றார் பதறிப்போய்.

"யாராவது அப்படிச் சொல்லச் சொன்னாங்களா?"

"ஐயோ, இல்லம்மா! பாயையே கேளு!"

சைபுதீன் தயாராக இருந்தார். விசில் ஊதியாகிவிட்டது, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நெடிய பெருமூச்சு ஒன்றை விட்டார்.

"இன்னாத்த சொல்றதும்மா... ஏதோ, காலம் போவுது."

துரைக்கண்ணு அவர் காலை மிதித்தார். "பாய், நெசத்தச் சொல்லு பாய்!"

மிதி பட்டதில் பாயின் கண்ணில் நீரே வந்துவிட்டது. அன்புக்கரசி லட்சுமியம்மாளின் பக்கம் திரும்பினாள். வாயில் ஜிலேபியோடு எப்படிப் பேசுவார்? கண்ணை மூடிக்கொண்டு தலையைத் தலையை ஆட்டினார்.

"ரஞ்சனி!" துரைக்கண்ணு நிர்வாகியைக் கத்திக் கூப்பிட்டார். "அந்தக் கருத்து நோட்ட எடுத்தாம்மா!"

அதை எடுத்துவரச் சொல்லியிருக்கக் கூடாது. குடியிருப்பைப் பற்றி அங்கே இருப்பவர்கள் எழுதும் நோட்டு அது. வருகிற பிள்ளைகள் புரட்டிப் பார்ப்பார்கள் என்று அவர் முன்பு ஒருநாள் 'காலம் போகிறது' என்று மட்டும் எழுதிவைத்தார். அதைப் பார்த்து மற்ற பதின்மூன்று பேரும் அப்படியே எழுதியிருந்தார்கள்.

பக்கம் பக்கமாகப் புரட்டிய அன்புக்கரசி நோட்டை மூடி ரஞ்சனியிடம் கொடுத்தாள்.

"இதுக்கு மேல இன்னா நைனா வேணும்?"

இனி சிரித்துக் காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. துரைக்கண்ணு பல்லைக் காட்டினார். எட்டு மாதமாக மகள் முன்னால் மேலே போகாத கன்னம். பயத்தில் ஒரு பக்கம் மட்டும் ஏறியது.

"என்னங்க, நைனாவுக்கு வாய் கோணுது! பெட்டிய எடுங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்!"

மருமகன் ஆனந்தராஜ் அதிகம் பேசாதவர். குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை ஒரே இழுப்பாக இழுத்தார். பெட்டியோடு கேரம் போர்டும் வந்தது. காய்கள் அறை முழுக்க ஓடின. பின்னாலேயே ஒரு வெள்ளிக் கோப்பை உருண்டு வந்து அன்புக்கரசியின் காலடியில் நின்றது. போன முறை ஜெயித்தது; 'சாம்பியன் – துரைக்கண்ணு' என்று அதில் எழுதியிருந்தது.

"அடப்பாவி!" சைபுதீன் சோக முகத்தை மறந்து கத்தினார். "ரெட்டு போட்டு வச்சிருந்தேனே! நான் ஜெயிக்க வேண்டிய ஆட்டம்!"

லட்சுமியம்மாள் ஜிலேபியை விழுங்கிவிட்டு, "கலைஞ்சது கலைஞ்சதுதான் பாய், அழுவாம மொதல்லருந்து ஆடு," என்றார்.

அன்புக்கரசி கோப்பையைப் பார்த்தாள். பாயைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"அப்ப... வாரா வாரம் மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு உக்காந்திருந்தது?"

துரைக்கண்ணு கட்டிலில் உட்கார்ந்தார். "நான் இங்க நல்லா இருக்கறேம்மா. எந்தப் புண்ணியவான் கட்டுனானோ, ஒவ்வொரு நாளும் கும்பிட்டுட்டுத்தான் படுக்கறேன். சொன்னா உன் மனசு நோவும்னு சொல்லல. அன்னிக்கு நான் சிரிச்சதுக்கே நீ அப்படி அழுதியே..."

அன்புக்கரசி பொலபொலவென்று அழ ஆரம்பித்தாள்.

"தோ, பாத்தியா! இதுக்குத்தான் சொல்லல."

ஆனந்தராஜ் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"மாமா, அன்னிக்கு அவ வருத்தப்பட்டு அழல. அத்தை போனதுக்கப்புறம் நீங்க சிரிச்சு அன்னிக்குத்தான் பார்த்தா. தாம்பரம் போற வரைக்கும் 'நைனா சிரிச்சாருங்க, நைனா சிரிச்சாருங்க'ன்னு அதையே சொல்லிட்டு வந்தா. சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம போன் போட்டுச் சொன்னா. மறுவாரத்துலருந்து உங்க மூஞ்சி மாறிடுச்சு. இந்த இடம் ஒத்துக்கலையோன்னு பயந்துட்டா."

துரைக்கண்ணு கையிலிருந்த விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அன்புக்கரசி துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எட்டு மாசமா கேக்கணும் கேக்கணும்னுதான் வரேன். கேட்டா அம்மா ஞாபகம் வந்து இன்னும் வாடிப்பூடுவியோன்னு பயந்து, கொழம்ப மட்டும் குடுத்துட்டுப் போயிடுவேன். அன்னிக்கு அந்தக் கொரங்கப் பாத்து சிரிச்சியே... அது மாதிரி ஒரே ஒரு தடவ சிரி நைனா."